காய் கனிந்த சரித்திரம்



திண்டிவனம் என்ற பெயர் 'திந்திரிணி வனம்' என்பதிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். திந்திரிணி என்றால் புளி. அதாவது, புளியங்காடு. அந்தப் புளியை வைத்தே இன்றைய விஷயத்தை ஆரம்பிக்கலாம். பச்சைப் புளியங்காயின் ஓட்டை உரித்துப் பாருங்கள். நகத்தால் கீறினாலும் லேசில் வராது. சதையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதே காய் பழமானதும் இரண்டு விரலால் நசுக்கினால் போதும், ஓடு தனியாகக் கழன்று விழும். ஒரே வீட்டில் இருந்தும் ஒட்டாமல் இருப்பவர்களை 'புளியம்பழமும் ஓடும் மாதிரி' என்கிறோமே, அது இதைப் பார்த்துச் சொன்னதுதான்.

மாங்காய் கதையும் இப்படித்தான். போன வாரம் கல்லைப் போல் இருந்தது, இந்த வாரம் கட்டை விரலால் அமுக்கினால் குழைகிறது. வாழைத்தார் மூன்றே நாளில் இளகிவிடுகிறது. இளக்கியது யார்? வெயிலா? மூட்டத்தின் சூடா? காயே தன்னை இளக்கிக்கொண்டதா?

"பக்குவம் வந்தா பழுக்குது, இதுல என்னங்க ஆராய்ச்சி?" என்று நீங்கள் கேட்கலாம். ஆராய்ச்சி இருக்கிறது. 350 வருஷத்துக்கும் மேலான சரித்திரமும் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் நமக்கு என்ன லாபம் என்றால், காயை எந்த நாளில் அறுப்பது, எதோடு சேர்த்து அடுக்குவது, எந்த மருந்துக்குக் காசு செலவழிக்காமல் இருப்பது என்பதெல்லாம் தெளிவாகும். நம் கைக்கு வரும் பணம் அதில்தான் இருக்கிறது.

அறையும் சுவரும்

1665-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்பவர் புட்டி மூடும் தக்கையை மெல்லிசாகச் சீவி, நுண்நோக்கிக் கருவியில் வைத்துப் பார்த்தார். தேன்கூடு போலச் சின்னச் சின்ன அறைகள் தெரிந்தன. அந்த அறைக்கு அவர் 'செல்' என்று பெயர் வைத்தார். தக்கை என்பது உயிர் போன மரப்பட்டை. ஆகையால் அவர் கண்டது காலியான அறைகளையும் அவற்றின் சுவர்களையும் மட்டுமே. செடியின் உள் அமைப்பில் மனிதன் முதலில் பார்த்தது சுவரைத்தான் என்று சொல்ல வேண்டும்.

அந்தச் சுவர் எதனால் ஆனது என்று தெரிய இன்னும் 160 வருஷம் ஆயிற்று. 1825-ல் பிரான்ஸ் தேசத்து ரசாயன அறிஞர் ஆன்றி பிரகோனோ, காய்கனிகளில் இருந்து கூழ்போல் உறையும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். உறைவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை வைத்து அதற்குப் 'பெக்டின்' என்று பெயரிட்டார். கொய்யாப் பழச்சாற்றில் சர்க்கரை போட்டுக் காய்ச்சினால் ஜெல்லியாக உறைகிறதே, உறைய வைப்பது இந்தப் பெக்டின்தான். 1838-ல் அதே நாட்டைச் சேர்ந்த ஆன்செல்ம் பேயன், செடியின் சுவருக்கு உறுதி தரும் நார்ப்பொருளைக் கண்டுபிடித்தார். அது செல்லுலோஸ். நம் பருத்திப் பஞ்சு ஏறக்குறைய முழுக்க அதுவே.

இந்தச் சுவரைப் புரிந்துகொள்ள நம் ஊர் மண்சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் மூங்கில் வரிச்சு வைக்கிறோம். அதைக் கயிற்றால் கட்டுகிறோம். பிறகு குழைத்த மண்ணை இரண்டு பக்கமும் அப்புகிறோம். செடியின் சுவரில் வரிச்சு செல்லுலோஸ். மண் பெக்டின். வரிச்சைப் பிணைக்கும் கயிறாக வேறு சில பொருள்கள் உண்டு. அவற்றில் முக்கியமான ஒன்றுக்கு 'சைலோகுளூக்கான்' என்று பெயர். பெயர் புதிதாக இருக்கலாம், பொருள் புதிதல்ல. புளியங்கொட்டை மாவைக் காய்ச்சி நூலுக்குக் கஞ்சியாகப் போடுகிறார்கள் அல்லவா? அந்தப் பசை இதே பொருள்தான். செல்சுவரை ஆராய்கிற வெளிநாட்டு விஞ்ஞானிகளும் இந்தப் பொருள் தேவைப்பட்டால் புளியங்கொட்டையில் இருந்து எடுத்ததைத்தான் வாங்குகிறார்கள்.

இன்னொன்று. இரண்டு வீட்டுக்கு நடுவில் பொதுச்சுவர் இருப்பதுபோல், ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் இடையில் பெக்டின் பூச்சு ஒன்று இருக்கிறது. இந்தப் பூச்சைக் கெட்டியாகப் பிடித்து வைப்பது கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்து. காய் கடினமாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

காய் பருக்கும் காலம்

பூ கருவுற்றுப் பிஞ்சு பிடித்த முதல் சில நாட்களில் செல்கள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகுகின்றன. அதன்பிறகு எண்ணிக்கை பெரும்பாலும் நின்றுவிடும். ஒவ்வொரு செல்லும் தண்ணீரைக் குடித்து உப்ப ஆரம்பிக்கும். தர்பூசணியின் சதையைக் கவனித்தால் மணல் மணலாகத் தெரியும். அதில் பல செல்கள் வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு ஊதியிருக்கும்.

சைக்கிள் டயரும் டியூபும் போலத்தான் இது. உள்ளே தண்ணீர் அழுத்துகிறது. வெளியே சுவர் தாங்குகிறது. சுவர் கொஞ்சமும் நெகிழாவிட்டால் காய் பருக்காது. அதிகமாக நெகிழ்ந்தால் வெடித்துவிடும். இந்த நெகிழ்ச்சியைச் சரியான அளவில் செய்வது எது என்பது 1992 வரை தெரியாமல் இருந்தது. அந்த ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேனியல் காஸ்குரோவ் குழுவினர், வெள்ளரி நாற்றிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு 'எக்ஸ்பான்சின்' என்று பெயர். அது கயிற்றை அறுப்பதில்லை. முடிச்சைத் தளர்த்தி, வரிச்சை ஒன்றன்மேல் ஒன்று நழுவ விடுகிறது. சுவர் நீண்டதும் செல் புதிய மண்ணும் வரிச்சும் சேர்த்துப் பூசிக்கொள்கிறது. வெள்ளரியும் தர்பூசணியும் ஒரே குடும்பம் என்பது உங்களுக்குத் தெரியும்.

இங்கே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. தர்பூசணிக் கொடியை நன்றாகக் காயவிட்டு, பிறகு ஒரேயடியாக மடை திறந்து தண்ணீர் கட்டினால் என்ன ஆகும்? முற்றத் தொடங்கிய காயின் தோல் நெகிழும் பருவத்தைத் தாண்டியிருக்கும். உள்ளே அழுத்தம் திடீரென்று ஏறும். பழம் வெடிக்கும். எனவே தண்ணீரைச் சீராகக் கொடுங்கள். அறுவடை நெருங்கும்போது படிப்படியாகக் குறையுங்கள். சொட்டுநீர் போட்டவர்களுக்கு இது சுலபம்.

இரண்டாவது பாடம் சுண்ணாம்புச் சத்து. தக்காளியிலும் தர்பூசணியிலும் பூ இருந்த நுனிப் பக்கம் கறுத்து, குழிவிழுந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். இதைப் பூசணநோய் என்று நினைத்துக் கடையில் மருந்து வாங்கி அடிப்பவர்கள் அநேகம். ஆரம்பத்தில் அங்கே பூசணமும் இல்லை, புழுவும் இல்லை. தண்ணீர் ஒழுங்காகப் பாயாததால் சுண்ணாம்புச் சத்து நுனிவரை போய்ச் சேரவில்லை. நுனியில் உள்ள செல்கள் பிடிமானம் இழந்து உடைந்துவிட்டன. அவ்வளவுதான் சங்கதி. மருந்துக் காசு வீண். தண்ணீரை ஒழுங்குபடுத்துவதுதான் வைத்தியம்.

கெட்டிப்படும் சுவர்

எல்லாக் காயும் முற்றினால் இளகும் என்று எண்ணிவிடக் கூடாது. நம் பக்கத்து மல்லாட்டையைப் பாருங்கள். மணிலாவிலிருந்து வந்த கொட்டை என்பதால் மணிலாக்கொட்டை என்றும், அதுவே பேச்சில் மல்லாட்டை என்றும் ஆனதாகச் சொல்வார்கள். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்துக்கு நாடெங்கும் பெயர் வாங்கித் தந்த பயிர் இது. டி.எம்.வி. என்று தொடங்கும் ரகம் எல்லாம் திண்டிவனத்து ரகம். 1940-ல் வெளிவந்த டி.எம்.வி. 2 பல மாநிலங்களில் பல பத்தாண்டுகள் சாகுபடியில் இருந்தது.

மல்லாட்டையின் ஓடும் ஒரு கனியின் சுவர்தான். ஆனால் அது முற்ற முற்ற இளகுவதற்குப் பதிலாகக் கெட்டிப்படுகிறது. மரத்தை மரமாக்குகிற லிக்னின் என்ற பொருள் அதில் படிகிறது. இளங்காயை உடைத்தால் ஓட்டின் உட்புறம் வெள்ளையாக, பஞ்சு போல இருக்கும். முற்றிய காயில் பஞ்சு வற்றி, உட்புறம் பழுப்பும் கறுப்புமாக மாறியிருக்கும். ஒன்றிரண்டு செடியைப் பிடுங்கி, காயை உடைத்து உள் ஓட்டைப் பார்த்து அறுவடை நாளை முடிவு செய்கிறோமே, அது செல்சுவரைப் படிக்கும் வித்தைதான். நம் பெரியவர்கள் நுண்நோக்கி இல்லாமலே படித்தார்கள்.

மாம்பழம் இளகுகிறது, மல்லாட்டை கெட்டிப்படுகிறது. ஏன் இந்த வித்தியாசம்? மாமரம் தன் கொட்டையைத் தூரத்துக்கு அனுப்ப வேண்டும். அதற்கு வௌவாலும் அணிலும் குரங்கும் வர வேண்டும். அதனால் விதை முற்றியபிறகு சதையை இளக்கி, இனிப்பாக்கி, நிறமும் மணமும் கொடுத்து விருந்து வைக்கிறது. மல்லாட்டையோ ஊசியை மண்ணில் இறக்கித் தன் விதையைத் தானே நட்டுக்கொள்கிறது. அதற்கு விருந்தாளி வேண்டாம். ஈரத்திலிருந்தும் பூச்சியிலிருந்தும் காப்பாற்றக் கெட்டியான பெட்டி வேண்டும். விதை முற்றுவதற்கு முன்னால் எந்த மரமும் விருந்து வைப்பதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

சுண்ணாம்புச் சத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? இலை வழியாக நீர் ஆவியாகும்போது அதன் இழுப்பில்தான் வேர் எடுத்த சுண்ணாம்புச் சத்து மேலே போகிறது. மண்ணுக்குள் இருக்கும் காய்க்கு அந்த வழியில் போதிய அளவு வந்து சேராது. அது தானே தன் தோல் வழியாகப் பக்கத்து மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இதனால்தான் 40 முதல் 45-ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கச் சொல்கிறோம். அதைக் காய் இறங்கும் இடத்தில், செடியின் தூரைச் சுற்றிப் போட வேண்டும். விட்டுவிட்டால் பொக்குக் காய்தான் மிஞ்சும்.

புகையின் சூட்சுமம்

இளகும் கனிகளுக்குத் திரும்புவோம். இளகு என்று உத்தரவு போடுவது யார் என்ற கேள்விக்கு விடை புகையில் இருந்தது.

வாழைத்தாரைக் குழியிலோ அறையிலோ அடுக்கி, காற்றுப் புகாமல் மூடி, சருகோ வைக்கோலோ எரித்துப் புகை மூட்டம் போடுவது நம் நாட்டில் பழைய வழக்கம். மாங்காயை வைக்கோலில் புதைப்பார்கள். அரிசிப் பானையில் போட்டு மூடுவார்கள். சீனாவில் மூடிய அறையில் ஊதுபத்தி கொளுத்திப் பேரிக்காயைப் பழுக்க வைத்தார்கள். பண்டைய எகிப்தில் அத்தி வகைக் காயைக் கத்தியால் கீறிவிட்டுப் பழுக்க வைத்தார்கள். எல்லோரும் சூடு பழுக்க வைக்கிறது, காயம் பழுக்க வைக்கிறது என்றுதான் நினைத்தார்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் தெரு விளக்குக்கு நிலக்கரி வாயுவைக் குழாயில் கொண்டுபோனார்கள். குழாய் கசிந்த இடங்களில் மரங்கள் காலமில்லாக் காலத்தில் இலையை உதிர்த்தன. 1901-ல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் டிமித்ரி நெல்யூபவ் என்ற இளம் ஆராய்ச்சியாளர், தம் ஆய்வுக்கூடத்துப் பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதைக் கவனித்தார். வெளிக்காற்றில் வைத்தால் அவை நேராக வளர்ந்தன. விளக்கு வாயுவில் இருந்த எத்திலீன் என்ற ஒரு வாயுவே காரணம் என்று அவர் நிரூபித்தார்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எலுமிச்சை வியாபாரிகள் பச்சைக் காயைக் கொட்டகையில் அடுக்கி, மண்ணெண்ணெய் அடுப்பு மூட்டி மஞ்சளாக்கி வந்தார்கள். புகை இல்லாத நல்ல சூட்டுக் கருவியைக் கொண்டுவந்து வைத்தபோது சூடு ஏறியது, காய் மஞ்சளாகவில்லை. அப்போதுதான் விஷயம் சூட்டில் இல்லை, புகையில் இருக்கிறது என்று தெரிந்தது. 1924-ல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் டென்னி என்பவர் அந்தப் புகையில் வேலை செய்வது எத்திலீன்தான் என்று காட்டினார். நம் ஊர் மூட்டத்திலும் நடப்பது இதுவே. வைக்கோலும் சருகும் அரைகுறையாக எரியும்போது கொஞ்சம் எத்திலீன் உண்டாகிறது.

அப்படியானால் புகையே இல்லாத அரிசிப் பானையில் மாங்காய் எப்படிப் பழுத்தது? இதற்கு விடை 1934-ல் கிடைத்தது. பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனை வெளிவிடுகிறது என்பதை இங்கிலாந்தில் கேன் என்பவர் ரசாயன முறையில் நிரூபித்தார். ஆக, உத்தரவு போடுவது பழமே. பானையும் வைக்கோலும் அந்த வாயு பறந்துபோகாமல் பிடித்து வைக்கின்றன. காயத்தைக் கீறினால் எத்திலீன் கூடுகிறது என்பதும் பின்னால் தெரிந்தது. எகிப்து அத்தியின் ரகசியமும் வெளிவந்தது. 'ஒரு பழம் அழுகினால் கூடையே கெட்டுப்போகும்' என்று பாட்டிமார் சொன்னதன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது.

சுவரைக் கரைக்கும் கூலியாட்கள்

எத்திலீன் மேஸ்திரி என்றால், வேலை செய்யும் கூலியாட்கள் நொதிகள். என்சைம் என்று சொல்வோமே, அவை. உத்தரவு கிடைத்ததும் செல்கள் பலவகை நொதிகளைத் தயாரிக்கின்றன. ஒன்று பெக்டினைப் பக்குவப்படுத்துகிறது. இன்னொன்று வெட்டுகிறது. மற்றொன்று கயிற்றைத் தளர்த்துகிறது. மண் கரைய, அறைக்கு அறை பிடிமானம் விடுகிறது. அதே சமயம் வேறு நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. மைசூரில் 1950-ல் தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் தரநாதன் முதலிய விஞ்ஞானிகள், மாம்பழத்திலும் வாழையிலும் சுவர்ப்பொருள்கள் எப்படிக் கரைகின்றன, எந்த நொதி எப்போது வேலை செய்கிறது என்று விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஒரு கூலியாளை நிறுத்திவிட்டால் பழம் இளகாமல் இருக்குமா என்றும் பார்த்தார்கள். பெக்டினை வெட்டும் முக்கியமான நொதி ஒன்றை அடக்கி வைத்த மரபணு மாற்றத் தக்காளியை, அமெரிக்காவின் கால்ஜீன் கம்பெனி 1994-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. எதிர்பார்த்த அளவுக்குப் பழம் கெட்டியாக நிற்கவில்லை. செலவும் கட்டுப்படியாகவில்லை. 1997-க்குள் அது கடையை விட்டே போய்விட்டது. ஓர் ஆளை நிறுத்தினால் மற்ற ஆட்கள் வேலையைத் தொடர்கிறார்கள் என்பது தெரிந்தது. 2010-ல் புது தில்லியில் உள்ள தேசியத் தாவர மரபணு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆசிஸ் தத்தா, சுப்ரா சக்ரவர்த்தி குழுவினர் வேறு இரண்டு நொதிகளை அடக்கி, தக்காளியை ஏறக்குறைய 30 நாள் கூடுதலாகக் கெட்டியாக வைத்துக் காட்டினார்கள். 2016-ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் இன்னொரு நொதியை அடக்கி, நிறமும் சுவையும் மாறாமல் இளகுவதை மட்டும் தாமதப்படுத்தினார்கள். இவையெல்லாம் ஆய்வுக்கூடத்துச் சாதனைகள். நம் வயலில் இன்றைக்கும் கூலியாட்களை அடக்க நமக்கு இருப்பது நிழலும் குளிர்ச்சியும், அடிபடாமல் கையாளுவதும்தான். பழத்தைக் கீழே போட்டால் சுவர் உடைகிறது, எத்திலீன் கூடுகிறது, அழுகல் கிருமி நுழைகிறது.

கல் வைக்கும் கேடு

இந்தச் சரித்திரத்தில் ஒரு குறுக்கு வழியும் உண்டு. கார்பைடு கல் வெல்டிங் பட்டறைக்கு உரிய சாமான். அதில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் என்ற வாயு வரும். அது எத்திலீனின் வேஷம் போடும் வாயு. வேஷத்துக்குச் சக்தி குறைவு. தோல் மஞ்சளாகும். உள்ளே சதை சரியாக இளகாது, இனிப்பும் மணமும் ஏறாது. அந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்த அசுத்தங்கள் இருக்கும். அவை உடம்புக்கு நஞ்சு. கல்லைக் கையாளும் கூலியாளுக்கும் கேடு, வாங்கிச் சாப்பிடும் குழந்தைக்கும் கேடு. தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. பழைய உணவுக் கலப்படத் தடை விதிகளிலேயே இது தடை செய்யப்பட்டது. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகளிலும் தடை தொடர்கிறது.

2016-ல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எத்திலீன் வாயுவைப் பழுக்க வைக்கப் பயன்படுத்த அனுமதி கொடுத்தது. பத்து லட்சம் பங்கு காற்றில் அதிகபட்சம் 100 பங்கு. பழமே விடும் வாயுதான் என்பதால் இதில் அஞ்ச வேண்டியது இல்லை. ஆனால் எத்திரல் மருந்துக் கரைசலில் பழத்தை முக்குவதும் மேலே தெளிப்பதும் கூடாது.

கல் வைக்கும் பழக்கத்துக்கு வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? முற்றாத காயை அறுப்பதில். பருவத்தின் முதலில் விலை ஏறி இருக்கும். "இப்பவே குடுத்துடுங்க, நாங்க பழுக்க வச்சுக்குறோம்" என்பார் வியாபாரி. விதை முற்றாத காயில் மாவுச்சத்து நிரம்பியிருக்காது. மேஸ்திரியின் உத்தரவைக் கேட்கக் கூலியாட்களும் தயாராக இருக்க மாட்டார்கள். எந்த வாயு கொடுத்தாலும் இல்லாத சர்க்கரை வந்துவிடாது. மாங்காயில் காம்பைச் சுற்றித் தோள் எழும்பியிருக்க வேண்டும். முற்றிய மாங்காய் தண்ணீரில் போட்டால் அமிழும். வாழைக்காயில் பட்டை மழுங்கி, காய் உருண்டிருக்க வேண்டும். இவைதான் முற்றியதற்கு அத்தாட்சி.

தர்பூசணிக்குத் தனிக் கணக்கு

நம் திண்டிவனம், மரக்காணம் பக்கத்துத் தர்பூசணி இந்தக் கணக்கில் சேராது. மா, வாழை, தக்காளி ஆகியவை பறித்தபின் பழுக்கும். தர்பூசணி கொடியில் எவ்வளவு இனித்ததோ அவ்வளவுதான். பறித்தபின் ஒரு துளி இனிப்பும் கூடாது. ஆகவே காம்புக்குப் பக்கத்துப் பற்றுக்கம்பி காய்ந்து, தரையில் படிந்த இடம் வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, தட்டினால் மந்தமான சத்தம் வரும்போதுதான் அறுக்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. எத்திலீன் தர்பூசணியைப் பழுக்க வைப்பதில்லை, கெடுக்கிறது. சதையின் மெல்லிய சுவர்கள் கரைந்து, நீர்கோத்துக் கொழகொழவென்று ஆகிவிடும். கிருணிப்பழமும் வாழைப்பழமும் மாம்பழமும் இந்த வாயுவை நிறைய விடுபவை. சாலை ஓரப் பந்தலில் கிருணியையும் தர்பூசணியையும் ஒன்றாகக் குவித்து, தார்ப்பாய் போட்டு மூடி வைப்பது நாமே நம் சரக்கைக் கெடுத்துக்கொள்வதாகும். தனித்தனியாக, காற்றோட்டமாக வையுங்கள்.

2025-ஆம் ஆண்டுக் கோடையில் தர்பூசணிக்கு ஊசி மூலம் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவியது. மக்கள் வாங்கத் தயங்கினார்கள். விலை விழுந்தது. பாடுபட்ட விவசாயி நஷ்டப்பட்டார். இந்தச் சுவர்க் கதை தெரிந்தவர் அந்தப் பேச்சை நிதானமாக எடைபோடலாம். தர்பூசணியின் சிவப்பு லைக்கோபீன் என்ற இயற்கை நிறம். தக்காளியில் இருப்பதும் அதுவே. அது ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே, செல்லே தயாரித்து வைத்தது. ஊசியால் ஏற்றும் நீர் ஊசி போன தடத்திலும் இடுக்கிலும் தேங்குமே தவிர, லட்சக்கணக்கான அறைகளின் சுவரைத் தாண்டிச் சமமாகப் பரவாது. ஓட்டை விழுந்த பழம் சீக்கிரமே கெட்டு ஒழுகும். டன் கணக்கில் விற்கும் சரக்குக்கு அது கட்டுப்படியாகும் வேலையும் அல்ல. வாங்க வருகிறவர் கேட்டால் கோபப்படாதீர்கள். பழத்தை அவர் முன்னால் அறுத்து, விதை கறுத்திருப்பதையும் சதை மணல் மணலாக இருப்பதையும் காட்டி விளக்குங்கள். விதை இல்லாத ரகமானால் சதையைக் காட்டினாலே போதும். கெட்ட பேச்சுக்கு நல்ல விளக்கமே மருந்து.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. காய் பிடித்தபின் தண்ணீரைக் காயவிட்டுப் பாய்ச்சாதீர்கள். சீராகக் கொடுங்கள்.

2. மல்லாட்டைக்கு ஜிப்சம் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

3. முற்றியதற்கான அடையாளத்தைப் பார்த்து அறுங்கள். வியாபாரியின் அவசரம் உங்கள் காய்க்குத் தெரியாது.

4. பழங்களைப் போட்டு உடைக்காமல், நிழலில், வகைவாரியாகப் பிரித்து வையுங்கள்.

5. கார்பைடு கல்லை உங்கள் தோப்புக்குள் நுழைய விடாதீர்கள்.

உங்கள் பயிருக்கும் ரகத்துக்கும் ஏற்ற அறுவடைப் பக்குவம் பற்றிச் சந்தேகம் இருந்தால், வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்குக் காயோடு வந்து கேளுங்கள். ஒரு காயை அறுத்துப் பார்த்தால் ஒரு வயலின் கணக்கு தெரிந்துவிடும்.